செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றப் போகிறீர்களா? அளந்து, எண்ணி, பொருத்தமான செட்டை எடுக்க ஒரு முழு வழிகாட்டி

பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஓர் இடத்தில் செயின் தொளதொளவென்று தொங்கும். இன்னும் கொஞ்சம் சுற்றினால் அதே செயின் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். விறைப்பான இடத்தைப் பார்த்துத் தளர்த்தினால், தொங்கும் இடம் செயின் கவரில் போய் இடிக்கிறது. தொங்கும் இடத்தைப் பார்த்து இழுத்துக் கட்டினால், விறைப்பான இடம் வரும்போதெல்லாம் முனகுகிறது. இந்த நிலைக்கு வந்த செயினுக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பிரயோஜனம் இல்லை. மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவது என்று முடிவானதும் பெரும்பாலானோர் செய்வது, கடையில் வண்டியின் பெயரைச் சொல்லி செட் வாங்கி வருவது. செட் என்றால் மூன்று பொருள்: செயின், என்ஜின் பக்கம் இருக்கும் முன் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தில் இருக்கும் பின் ஸ்ப்ராக்கெட். ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடும் பற்சக்கரம். பாதி நேரம் அது சரியாகவே அமையும். மீதிப் பாதியில்தான் சிக்கல். ஒரே பெயரில் வந்த வண்டிக்கு ஓர் ஆண்டில் ஒரு பல் எண்ணிக்கை, அடுத்த ஆண்டில் வேறு என்று இருக்கலாம். பழைய வண்டியாக வாங்கியிருந்தால், முன்பு ஓட்டியவர் தன் விருப்பத்துக்கு எதையாவது மாற்றி வைத்திருக்கலாம். அதனால் பெயரை நம்பாதீர்கள். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது, மேனுவலில் என்ன போட்டிருக்கிறது, இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உண்மையிலேயே முடிந்துவிட்டதா?

செயின் "நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். கேட்பவருக்கு இரும்பு பிளேட்டுகள் ரப்பர் போல இழுபட்டுவிட்டதாகத் தோன்றும். நடப்பது அதுவல்ல. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி இருக்கிறது. அந்த ஆணி ஒரு சின்னக் குழாய்க்குள், அதாவது புஷ்ஷுக்குள், திரும்புகிறது. புஷ்ஷின் மேல் உருளுவது ரோலர். ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வளையும்போதெல்லாம் ஆணி புஷ்ஷுக்குள் உரசுகிறது. கிரீஸ் வற்றி, மண் உள்ளே போனால் இரண்டும் தேயும். ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 110 லிங்க் (கண்ணி) உள்ள செயினில் அது மொத்தமாக 11 மில்லிமீட்டர். அட்ஜஸ்டரை, அதாவது பின்சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்கும் திருகை, அடிக்கடி இழுத்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. உள் லிங்க்கில், அதாவது ரோலர் இருக்கும் லிங்க்கில், இரண்டு ரோலருக்கும் நடுவே உள்ள தூரம் மாறுவதில்லை, ஏனென்றால் புஷ் இரண்டும் உள் பிளேட்டில் இறுகிப் பொருத்தப்பட்டவை. தேய்மானத்தின் நீளம் முழுவதும் வெளி லிங்க் பக்கமாகவே சேர்கிறது. அதாவது தேய்ந்த செயினில் ஒரு லிங்க் சரியான நீளம், அடுத்தது நீளம் கூடியது என்று மாறி மாறி இருக்கும். ஆகவே அளக்கும்போது எப்போதும் இரட்டைப்படை எண்ணிக்கையில் லிங்க்குகளை எடுங்கள். ஒன்றோ மூன்றோ அளந்தால் பொய்யான கணக்கு வரும்.

அளக்கும் முறை இது. செயினின் கீழ்ப்பகுதியை இழுத்துப் பிடிக்கும்படி ஏதாவது ஒரு கனமான பொருளைத் தொங்கவிடுங்கள், அல்லது அட்ஜஸ்டரைக் கொஞ்சம் இறுக்கி விறைப்பாக்கிக்கொள்ளுங்கள். ஓர் ஆணியின் நடுவில் ஆரம்பித்து, அதை 1 என்று வைத்து, 21-ஆவது ஆணியின் நடுவரை ஸ்டீல் ஸ்கேலில் அளந்தால் 20 லிங்க் வரும். 520, 525, 530 வகைச் செயின் (இந்த எண்களின் பொருளைக் கீழே சொல்கிறேன்) புதிதாக இருக்கும்போது இது 317.5 மில்லிமீட்டர். 428, 420 வகையில் 254. சில சர்வீஸ் மேனுவல்களில் இதற்கான கடைசி எல்லை 323, 259 என்று இருக்கும். உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நான் அந்த எல்லை வரை காத்திருப்பதில்லை. 1 சதவீதம் கூடியதும், அதாவது 317.5 என்பது 320.7 ஆனதும், புது செட் தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து, மோசமாக இருப்பதைக் கணக்கில் எடுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது.

ஸ்கேல் கையில் இல்லையென்றால், பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில், டயரை ஒட்டிய முனையில், செயினை விரலால் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். நல்ல செயின் அசையாது. பல்லின் பாதி உயரம் வெளியே தெரியும் அளவுக்கு விலகி வந்தால் அதன் காலம் முடிந்தது. பல்லையும் பாருங்கள். புதிய பல்லின் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல, கடல் அலை போல, வளைந்திருக்கும். ஓ-ரிங் செயினாக, அதாவது மூட்டுகளில் ரப்பர் வளையம் உள்ளதாக, இருந்தால் பிளேட்டுகளுக்கு நடுவே செம்பழுப்பு நிறத்தில் துருத்தூள் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் அந்த மூட்டின் ரிங் கிழிந்து, உள்ளே கிரீஸ் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்?

"ஸ்ப்ராக்கெட் நல்லாத்தானே இருக்கு, செயினை மட்டும் மாத்துங்க" என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். புதுச் செயின் போட்ட முதல் நாளே மெல்லிய ஓர் அரைக்கும் சத்தம். சில வாரங்களில் அட்ஜஸ்டர் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பழைய பல் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்தது. நீண்டுபோன அந்தச் செயினின் இடைவெளிக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். புதுச் செயினின் ரோலர் அந்தக் குழியில் முழுதாக உட்காராது. சுமையைப் பல பற்கள் பகிர்ந்துகொள்வதற்குப் பதிலாக ஒன்றிரண்டு பற்களே தாங்கும். புதுச் செயினைப் பழைய பல் தின்றுவிடும்.

முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் பழையதாக விடுவது இன்னும் மோசம். பின்னது ஒரு சுற்று சுற்றினால் முன்னது ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றுகிறது, அதுவும் குறைந்த பற்களோடு. கவருக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. பின்னதைவிட அதுதான் முதலில் தேயும்.

செயின் எண்ணைப் படிப்பது

வெளி பிளேட்டைத் துடைத்துப் பார்த்தால் 428, 520, 525, 530 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். அதில் முதல் இலக்கம் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள தூரம், அதாவது பிட்ச். அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று அது சொல்கிறது. 4 என்றால் எட்டில் நான்கு, அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 5 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மில்லிமீட்டர்.

அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள அகலம். 20 என்றால் 6.35 மில்லிமீட்டர், 25 என்றால் 7.94, 30 என்றால் 9.53. 428-இல் வரும் 28 மட்டும் இந்தக் கணக்கில் ஒழுங்காக உட்காராது. அதன் அகலமும் 7.94-தான். 520, 525, 530 மூன்றுக்கும் பிட்ச்சும் ரோலர் தடிமனும் ஒன்றே, அகலம் மட்டும்தான் வேறு. அதனால் 530 ஸ்ப்ராக்கெட்டில் 520 செயின் ஏறாது, பல் தடித்திருக்கும். 520 ஸ்ப்ராக்கெட்டில் 530 செயின் ஏறிவிடும், ஆனால் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு ஓடும். "ஏறுகிறதே" என்று விட்டுவிடக் கூடாது.

எண்ணுக்குப் பின்னால் ஹெச் என்ற எழுத்து இருந்தால் பிளேட் தடித்தது என்று பொருள். 428 ஸ்ப்ராக்கெட்டில் 428 ஹெச் செயின் தாராளமாக ஓடும். பிளேட் தடித்ததால் செயினின் வெளி அகலம் கூடும், அவ்வளவுதான். முன் ஸ்ப்ராக்கெட்டின் ஓரத்தில் என்ஜின் கேஸுக்கும் செயினுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டிக்காரர்கள் சிலர் 525 அல்லது 530-இலிருந்து 520-க்கு மாறுவார்கள். எடை குறையும், சக்கரம் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் சுழலும். ஆனால் மூன்றையும் 520-ஆக மாற்ற வேண்டும், தாங்குபரப்பு குறைவதால் தேய்மானமும் சீக்கிரம் வரும். பந்தயத்துக்குப் போகாதவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

எத்தனை லிங்க்?

மேனுவலில் எண் இருக்கும். இல்லையென்றால் பழைய செயினை எண்ணுங்கள். ஆரம்பிக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இரண்டிரண்டாக எண்ணினால் தப்பாது. விடை எப்போதும் இரட்டைப்படைதான். ஒற்றைப்படை வந்தால் எங்கோ விட்டுவிட்டீர்கள், மறுபடி எண்ணுங்கள்.

கடையில் செயின் பெரும்பாலும் தேவையைவிட நீளமாகவே வரும். வெட்டித்தான் போட வேண்டும். இங்கேதான் ஒரு பொறி. பழைய செயினைத் தரையில் நீட்டி, புதியதைப் பக்கத்தில் வைத்து, முனையோடு முனை பார்த்து வெட்டுவார்கள். 110 லிங்க் உள்ள 520 செயின் புதிதாக 1746 மில்லிமீட்டர். அது 1.5 சதவீதம் தேய்ந்திருந்தால் 26 மில்லிமீட்டர் கூடியிருக்கும், அதாவது ஒன்றரை லிங்க்குக்கும் மேல். முனையைப் பார்த்து வெட்டினால் இரண்டு லிங்க் அதிகமாக விட்டு வெட்டிவிடுவீர்கள். எண்ணித்தான் வெட்ட வேண்டும். வெட்டிய செயினின் இரண்டு முனையிலும் உள் லிங்க், அதாவது ரோலர் இருக்கும் லிங்க், இருக்க வேண்டும். இணைக்கும் லாக் லிங்க் வெளி லிங்க் வகை என்பதால்தான் இந்த ஏற்பாடு.

சாதா செயினா, ஓ-ரிங்கா, எக்ஸ்-ரிங்கா?

1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு அன்று இருந்ததேதான் இன்றும். பெரிய மாற்றம் என்று சொல்ல வேண்டுமானால் இந்த ரிங்கைச் சொல்லலாம். உள் பிளேட்டுக்கும் வெளி பிளேட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையத்தை வைத்து, தொழிற்சாலையில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஏற்றிய கிரீஸை உள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கும். எக்ஸ்-ரிங்கின் குறுக்குவெட்டு நான்கு உதடுகளோடு எக்ஸ் வடிவில் இருக்கும். உராய்வு குறைவு, கிரீஸைப் பிடித்து வைப்பதும் நன்றாக இருக்கும். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், தத்துவம் ஒன்றுதான்.

எதை எடுப்பது? வண்டியில் தொழிற்சாலையிலிருந்தே ஓ-ரிங் செயின் வந்திருந்தால் சாதா செயினுக்கு இறங்காதீர்கள். செயின் வெளியே தெரியும் வண்டி, மழை, புழுதி, நீண்ட தூரம் என்றால் ரிங் உள்ளதுதான் சரி. செயின் முழுவதும் மூடிய கவருக்குள் ஓடும் சின்ன வண்டிக்கு சாதா செயின் தாராளமாகப் போதும். கவர் மழையையும் மண்ணையும் தடுத்துவிடுகிறது. நீங்கள் எண்ணெய் மட்டும் தவறாமல் விட வேண்டும். அந்த வண்டியில் ரிங் செயின் போட ஆசைப்பட்டால் முதலில் அகலத்தைப் பாருங்கள். ரிங்குக்கு இடம் வேண்டும் என்பதால் ஆணி நீளமாக இருக்கும். கவரிலோ என்ஜின் கேஸிலோ உரசினால் அந்த முயற்சியை விட்டுவிட வேண்டியதுதான்.

பெட்டியின் மேல் இழுவிசைத் தாங்குதிறன் என்று ஓர் எண் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை வைத்து இரண்டு செயினை ஒப்பிடுபவர்கள் நிறையப் பேர். செயின் அறுந்து சாவது அபூர்வம், தேய்ந்து சாவதுதான் வழக்கம். அந்த எண்ணுக்கும் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உங்கள் வண்டியின் சிசி வரம்புக்கு அந்தச் செயின் ஏற்றதா என்று நிறுவனம் போட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள், போதும்.

லாக் லிங்க்: கிளிப்பா, ரிவெட்டா?

லாக் லிங்க்கைக் கிளிப் செருகியும் பூட்டலாம், ஆணியின் தலையை அழுத்தி விரித்தும் (ரிவெட்) பூட்டலாம். சின்ன வண்டிகளில் கிளிப் லாக் போதும். வேகமும் இழுவையும் கூடிய வண்டிகளில் ரிவெட். மேனுவல் ரிவெட் என்று சொன்னால் ரிவெட்தான், இதில் சமரசம் வேண்டாம். கிளிப் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினின் மேல்பகுதி என்ஜினை நோக்கி ஓடுகிறது, ஆகவே மேல்பகுதியில் நின்று போட்டால் மூடிய முனை முன்பக்கம். திருப்பிப் போட்டால், எதிலாவது உரசும்போது கிளிப் திறந்துகொண்டு கழன்றுவிடும்.

ரிவெட் லாக்கை முறையான ரிவெட் டூல் இல்லாமல் சுத்தியலால் அடித்து முடிக்கப் பார்க்காதீர்கள். பக்க பிளேட்டை அளவுக்கு மீறி அழுத்தினால் ரிங் நசுங்கி அந்த ஒரு மூட்டு மட்டும் மடங்காமல் விறைத்துவிடும். குறைவாக அழுத்தினால் பிளேட் ஆடும். பக்கத்தில் உள்ள லிங்க்கின் வெளி அகலத்தை வெர்னியரில் அளந்து, லாக் லிங்க்கும் அதே அகலத்துக்கு வரும்வரை அழுத்துங்கள். அப்புறம் ஆணியின் தலையை எவ்வளவு விரிக்க வேண்டும் என்பது செயினோடு வரும் தாளில் இருக்கும். பழைய லாக்கை மறுபடி பயன்படுத்தக் கூடாது, வேறு நிறுவனத்தின் லாக்கும் கூடாது. அதே நிறுவனம், அதே மாடல்.

பல் எண்ணிக்கை: கை வைப்பதா, வேண்டாமா?

பின் பற்களை முன் பற்களால் வகுத்தால் கிடைப்பது விகிதம். 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3. முன்னதை 14 ஆக்கினால் 3.21, ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். அதே மாற்றத்தைப் பின்னால் செய்ய வேண்டுமானால் 45-ஐ 48 ஆக்க வேண்டும். முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு இதுதான்.

விகிதம் கூடினால் இழுவை கூடும், மேட்டில் கியரை இறக்காமல் ஏறலாம். விலையாக, அதே வேகத்துக்கு என்ஜின் அதிகமாகச் சுற்றும். முன்பு ஒரு வேகத்தில் 6000 சுற்று ஓடியது, இப்போது 6430 வரை போகும். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு அந்த அதிர்வு கை கால்களில் தெரியும். விகிதம் குறைந்தால் இதற்கு நேர்மாறு: நிதானமான ஓட்டம், புறப்படும்போது கிளட்ச்சுக்குக் கூடுதல் வேலை.

வண்டி இழுக்கவில்லை என்று குறிப்பாக ஒரு காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். மூட்டை மூட்டையாகச் சுமை ஏற்றி மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு ஒரு பல் மாற்றம் வரம். மற்றவர்களுக்குக் கம்பெனி வைத்த எண்ணே சரி. மாற்றுவதானால் இன்னும் மூன்று விஷயங்கள். முன் ஸ்ப்ராக்கெட் சின்னதானால் செயின் கூர்மையாக வளைய வேண்டிவரும், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மேல் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடரிலும் உரசும். அதனால் முன்னால் குறைப்பதைவிடப் பின்னால் கூட்டுவதையே நான் விரும்புவேன். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியானால் அது தப்பாகக் காட்டும். முன்சக்கரத்திலிருந்து எடுத்தால் ஒன்றும் ஆகாது. மூன்றாவது, நீளம். அதே செயினை வைத்துக்கொண்டு ஒரு பல் கூட்டினால் பின் ஆக்சில் கால் பிட்ச் முன்னால் நகரும்: 520-இல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், 428-இல் 3.2. ஒன்றிரண்டு பல்லுக்கு அட்ஜஸ்டரிலேயே இடம் இருக்கும். முன்னும் பின்னும் சேர்த்து நான்கு பல் கூடினால் செயினில் இரண்டு லிங்க் கூட்ட வேண்டும்.

ஸ்ப்ராக்கெட் பொருந்துமா?

பல்லும் செயின் எண்ணும் ஒத்துப்போனால் மட்டும் ஸ்ப்ராக்கெட் மாட்டிவிடாது. பின்னதில் நடு ஓட்டையின் விட்டம், போல்ட் ஓட்டைகள் எத்தனை, எதிரெதிர் ஓட்டைகளின் மையத் தூரம், ஓட்டையின் அளவு ஆகியவை ஒத்துப்போக வேண்டும். முன்னதில் ஷாஃப்ட்டில் ஏறும் வரிப்பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். பிடித்து வைப்பது பெரிய நட்டா, சர்க்ளிப்பா, இரண்டு சின்ன போல்ட் போட்ட பிளேட்டா என்பதும் வண்டிக்கு வண்டி வேறு. சில முன் ஸ்ப்ராக்கெட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் மேடு இருக்கும். அந்த மேட்டின் உயரம் மாறினால் செயின் நேர்கோட்டில் ஓடாது. இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிய முன் ஸ்ப்ராக்கெட் பழையதில் இருந்தால் புதிதிலும் அதையே கேளுங்கள். சத்தம் குறையும், ரப்பர் இல்லாததைப் போட்டால் முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

உலோகத்தில் குழப்பமே வேண்டாம். தினசரி ஓட்டத்துக்கு இரும்பு. அலுமினிய பின் ஸ்ப்ராக்கெட் எடை குறைவு, பார்க்கவும் அழகு, ஆனால் சீக்கிரம் தேயும்.

கடைக்குப் போகும் முன் தாளில் இவ்வளவும் இருக்கட்டும்: செயின் எண், லிங்க் எண்ணிக்கை, லாக் வகை, முன் பல், பின் பல், பின் ஓட்டைகளின் எண்ணிக்கையும் தூரமும், முன் ஷாஃப்ட்டின் வரிப்பற்கள், வண்டி தயாரான ஆண்டு. முடிந்தால் பழைய ஸ்ப்ராக்கெட்டின் படத்தையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் செயின்களுக்குப் போலிகள் நிறைய. ஒவ்வொரு வெளி பிளேட்டிலும் பெயரும் எண்ணும் கூர்மையாக, ஒரே ஆழத்தில் பொறித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். செயினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். நல்ல புதுச் செயின் பக்கவாட்டில் கொஞ்சம்தான் வளையும். பொட்டலத்திலேயே பாம்பு மாதிரி வளைந்தால் வாங்காதீர்கள்.

மாட்டுவது

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய செயினைக் கழற்றும் முன்பே முன் ஸ்ப்ராக்கெட் நட்டைத் தளர்த்திவிடுங்கள். ஆர்வக்கோளாறில் நான் முதலில் செயினை வெட்டி எறிந்துவிட்டு, அப்புறம் நட்டில் ஸ்பேனர் போட்டேன். கியரில் வைத்தாலும் என்ஜின் சேர்ந்து சுற்றுகிறது, நட் அசைய மறுக்கிறது. வெட்டிய செயினைக் குப்பையிலிருந்து எடுத்து மறுபடி சுற்றிக் கட்டவேண்டி வந்தது. சரியான வரிசை இது: கவரைக் கழற்றுங்கள், மடக்கி வைத்திருக்கும் லாக் வாஷரை உளியால் நிமிர்த்துங்கள், வண்டியை கியரில் வைத்து, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நட்டைத் தளர்த்துங்கள். பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகளையும் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு செயின். ரிவெட் தலையை கிரைண்டரில் மட்டமாகத் தேய்த்துவிட்டு கட்டரால் ஆணியைத் தள்ளினால் எளிதாக வரும். தேய்க்காமல் தள்ளினால் கட்டரின் முனை உடையும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தீப்பொறி பெட்ரோல் டேங்க் பக்கம் போகாமல் ஒரு மறைப்பு வையுங்கள்.

கவருக்குள் கைப்பிடி கைப்பிடியாகக் கறுப்புச் சேறு இருக்கும். வழித்து எடுத்து மண்ணெண்ணெயால் துடையுங்கள். சேறு போனதும் ஷாஃப்ட் ஓரத்து ஆயில் சீல் கசிகிறதா என்று தெரியும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே டிரம்முக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரைப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினால் லொடலொடவென்று ஆடினால் அதையும் மாற்றுங்கள். பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் ஸ்லைடரில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் அதுவும் போகட்டும். இவற்றை விட்டுவிட்டுப் புது செட் போட்டால் சத்தம் அப்படியே இருக்கும், பழி செயின் மேல் விழும்.

புது முன் ஸ்ப்ராக்கெட்டைப் பழையது இருந்த பக்கமாகவே மாட்டுங்கள், பெரும்பாலும் எண் பொறித்த பக்கம் வெளியே. லாக் வாஷர் புதிது. பின் நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். முன் நட்டின் கடைசி இறுக்கம் செயின் மாட்டிய பிறகு, மறுபடி கியரும் பிரேக்கும் துணையாக.

செயினைச் சுற்றிவந்து இரண்டு முனையையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் மேலேயே வைத்து லாக் போட்டால் வேலை எளிது. பற்களே இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும். ரிங் செயினானால் லாக்கோடு வரும் நான்கு ரிங்கும் கிரீஸ் பொட்டலமும் மறக்கக் கூடாது. உள்ளே இரண்டு, வெளியே இரண்டு.

அடுத்தது தளர்வு. கீழ்ப்பகுதியின் நடுவில் செயினை மேலும் கீழும் அசைத்து, மொத்த அசைவை அளக்க வேண்டும். சாலை பைக்குகள் பலவற்றில் இது 20-லிருந்து 35 மில்லிமீட்டர், சஸ்பென்ஷன் நீளமான வண்டிகளில் இன்னும் அதிகம். மேனுவல் எண்தான் முடிவு. முன் ஷாஃப்ட், ஸ்விங் ஆர்ம் பிவட் (அது ஏறி இறங்கும் அச்சு), பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக விறைப்பாக இருக்கும். ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது அது நடக்கும். ஸ்டாண்டில் கச்சிதமாகத் தோன்றும் செயின் இரண்டு பேர் உட்கார்ந்ததும் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்துக் கெடுப்பது இப்படித்தான். தொங்குவதைவிட இறுகுவது ஆபத்து.

ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை முழுதாக நம்பாதீர்கள். பிவட் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பில் அளந்து சமமாக்குங்கள். பிறகு பின்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செயினின் மேல்பகுதி ஸ்ப்ராக்கெட்டிலிருந்து நேராகப் போகிறதா என்று பாருங்கள். ஆக்சில் நட்டை இறுக்கும்போது செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே ஒரு துணியைச் சுருட்டி வைத்துச் சக்கரத்தைப் பின்னால் சுற்றினால் ஆக்சில் அட்ஜஸ்டரோடு ஒட்டி நிற்கும், நகராது. துணியை எடுக்க மறக்காதீர்கள்.

இத்தனைக்கும் என்ஜின் அணைந்தே இருக்க வேண்டும். எண்ணெய் விட வசதியாக இருக்கிறது என்று ஸ்டாண்டில் போட்டு என்ஜினை ஓடவிட்டு, துணியோடு கையைச் செயின் பக்கம் கொண்டு போய் விரலை இழந்தவர்கள் உண்டு. கையால் சுற்றியே எல்லாம் செய்யலாம்.

முதல் சில நூறு கிலோமீட்டர்

புதுச் செயினின் மேல் பிசுபிசுவென்று இருப்பது தொழிற்சாலைக் கிரீஸ். "சுத்தம் செய்கிறேன்" என்று பெட்ரோலில் கழுவாதீர்கள். பிறகும்கூட ரிங் செயினுக்குப் பெட்ரோல், கம்பி பிரஷ், நெருக்கத்தில் பிடித்த உயர் அழுத்தத் தண்ணீர் மூன்றும் ஆகாது. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். காய்ந்த பிறகு செயின் ஸ்ப்ரேயோ 90 கிரேடு கியர் ஆயிலோ உள்பக்கமாக, ரோலரும் ரிங்கும் நனையும்படி விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது விட்டால் நன்றாக இறங்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டரில் தளர்வு கொஞ்சம் கூடும், அது இயல்பு. 300 கிலோமீட்டரில் ஒருமுறை தளர்வை அளந்து சரிசெய்யுங்கள். கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா, பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நான் செயின் பெட்டியின் மூடியைக் கிழித்து, அன்றைய ஓடோமீட்டர் எண்ணையும் 20 லிங்க் அளவையும் அதில் எழுதி வண்டிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுவேன். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அதன் கீழேயே ஒரு வரி சேரும். கடைசியாகக் கழற்றிய செட்டின் அட்டையில் ஒன்பது வரிகள் இருந்தன. ஏழாவது வரியிலிருந்து எண்கள் வேகமாக ஏறியிருந்தன. அது மழைக்காலம், நான் எண்ணெய் விடாமல் ஓட்டிய இரண்டு மாதங்கள்.